அடுத்த வெளியீட்டில் பைத்தான் 2.7, பிஎச்பி 7.4, ஓபன்ஜேடிகே 8: எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது?

#1 தொகுப்பாளி

வணக்கம் நண்பர்களே. நம் லினக்ஸ் வினியோகத்தின் அடுத்த வெளியீட்டுக்கான பேக்கேஜ் பட்டியலை முடிவு செய்யும் நேரம் வந்துவிட்டது. மூன்று பழைய பதிப்புகளைப் பற்றி இப்போதே பேசித் தீர்த்துக்கொண்டால் கடைசி வாரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. பைத்தான் 2.7, பிஎச்பி 7.4, ஓபன்ஜேடிகே 8 (ஜாவா) ஆகிய மூன்று மொழிப் பதிப்புகளையும் ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்கள் இருக்கும் களஞ்சியம்) எடுத்துவிடலாம் என்பது என் முன்மொழிவு.

பைத்தான் 2.7 வந்தது 2010 ஜூலையில். 2015லேயே முடித்துக்கொள்வதாக இருந்தார்கள். போதுமான பேர் மாறவில்லை என்பதால் 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் 2.7.18 வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பர் 28ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஜேடிகே 8 வந்தது 2014 மார்ச்சில். அதற்குப் பிறகு நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளாக 11, 17, 21 எல்லாம் வந்துவிட்டன.

ஒரு பேக்கேஜ் ரெப்போவில் இருக்கிறது என்றால், அதில் ஓட்டை வந்தால் நாம் அடைப்போம் என்று பயனர் நம்புகிறார். 2.7 விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இல்லை. டார் வகைக் கட்டுக் கோப்புகளைப் பிரிக்கும் டார்ஃபைல் மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். டார் கோப்புக்குள் "../" என்று தொடங்கும் பெயர் ஒன்றை வைத்துவிட்டால், பிரிக்கும்போது நாம் சொன்ன டைரக்டரிக்கு வெளியே போய் எழுதும். இந்த ஓட்டையின் பொதுப் பதிவு எண் சிவிஇ-2007-4559. எண்ணைப் பார்த்தாலே எத்தனை காலமாகத் தெரிந்த விஷயம் என்று புரியும். ஒழுங்கான தீர்வு பெப் 706 (பைத்தானுக்கான மாற்ற முன்மொழிவு) வழியாக 3.12ல் வந்தது. அப்போது ஆதரவில் இருந்த முந்தைய பைத்தான் 3 பதிப்புகளுக்கும் கொண்டுபோனார்கள். 2.7க்கு மூலத் திட்டத்திலிருந்து, அதாவது பைத்தானை உருவாக்குபவர்களிடமிருந்து, எதுவும் வரவில்லை, இனி வரவும் வராது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய வினியோகங்கள் தாங்களே பேட்ச் போட்டுக்கொள்ளும். ஓய்வு நேரத்தில் வேலை பார்க்கும் நம்மால் அது முடியாது.

எதிர்ப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். முடிவு இன்னும் எடுக்கவில்லை.

---

#2 பழையசர்வர்

எதிர்க்கிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கிடங்குக் கணக்கு முழுக்க ஒரு பைத்தான் 2 நிரலில்தான் ஓடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். டெஸ்ட் கிடையாது, ஆவணம் கிடையாது. ஆனால் தினமும் ஓடுகிறது, சரியாக ஓடுகிறது. இதை 3க்கு மாற்ற நேரம் வேண்டும் என்று மேலே கேட்டால், ஓடிக்கொண்டிருப்பதில் ஏன் கை வைக்கிறாய் என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மாற்றும்போது ஏதாவது தவறினால் இருப்பு எண்ணிக்கை தப்பாகும், அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மெஷின் இணையத்தைப் பார்ப்பதே இல்லை. வெளியிலிருந்து எந்த டார் கோப்பும் அதற்குள் வரப்போவதில்லை. எனக்கு ஓட்டை அடைத்துத் தர வேண்டாம், நிரலை ஓட்டும் இன்டர்பிரட்டர் இருந்தால் போதும். ஏற்கெனவே இருக்கிற ஒரு பேக்கேஜை அப்படியே விட்டுவைப்பதில் உங்களுக்கு என்ன செலவு?

---

#3 லிங்க்கர்

> ஏற்கெனவே இருக்கிற ஒரு பேக்கேஜை அப்படியே விட்டுவைப்பதில் உங்களுக்கு என்ன செலவு?

நல்ல கேள்வி. பலரும் மனசுக்குள் கேட்டுக்கொள்வதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்படியே விட்டுவைப்பது என்ற ஒன்று எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒவ்வொரு வெளியீட்டிலும் எல்லா பேக்கேஜையும் புதிய கம்பைலரில், புதிய லைப்ரரிகளோடு மறுபடி பில்ட் செய்கிறோம்.

கம்பைலரை முதலில் பாருங்கள். 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கும் பழைய சி நிரலை எச்சரிக்கையோடு விடுவதை நிறுத்திவிட்டு, பிழை என்றே தள்ளிவிடுகிறது. பழைய இன்டர்பிரட்டர்களின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதி, அவை கம்பைல் ஆகிறதா என்று பார்த்துத்தான் சிஸ்டத்தில் என்ன வசதி உண்டு என்று முடிவு செய்யும். அந்தச் சோதனை நிரலே பழைய பாணியில் எழுதியது என்றால் கம்பைல் ஆகாது. உடனே "இந்த வசதி இங்கே இல்லை" என்று ஸ்கிரிப்ட் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். பில்ட் வெற்றி என்று காட்டும். ஆனால் கையில் வருவது ஏதோ ஒரு வசதி கழன்றுபோன இன்டர்பிரட்டர். பில்ட் உடைந்தால் கூடத் தேவலை, உடனே தெரிந்துவிடும். இப்படி உடையாமல் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க முழு பில்ட் பதிவையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். இதைத்தான் நான் செலவு என்கிறேன்.

அடுத்தது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க (கிரிப்டோ) லைப்ரரி. 3.0 வந்தது 2021 செப்டம்பரில். பைத்தான் 2.7 அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே நின்றுவிட்டது. பிஎச்பிக்கு ஓபன்எஸ்எஸ்எல் 3 ஆதரவு 8.1ல்தான் வந்தது. ஆக, 7.4 வேண்டும் என்றால் ஒன்று, நாமே பேட்ச் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1ஐயும் கூடவே வைத்திருக்க வேண்டும். அந்த 1.1.1க்கும் 2023 செப்டம்பர் 11ஓடு பொது ஆதரவு முடிந்துவிட்டது. ஒரு நூலை இழுத்தால் துணியே கூட வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ் குழு 16ஆம் பதிப்பின் முடிவுத் தேதியை முன்னால் இழுத்து அதே செப்டம்பர் 11க்குக் கொண்டுவந்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். கீழே இருக்கும் கிரிப்டோ லைப்ரரிக்கு ஆதரவு இல்லாதபோது மேலே இருப்பதற்கு மட்டும் ஆதரவு உண்டு என்று சொல்ல முடியாது.

அப்புறம் மாட்யூல்கள். வெறும் இன்டர்பிரட்டர் போதும் என்கிறீர்கள். உங்கள் கிடங்கு நிரல் எதையுமே இம்போர்ட் செய்யவில்லையா? டேட்டாபேஸ் டிரைவர் ஒன்றாவது இருக்குமே. இணையதளங்களுக்கான ஜாங்கோவில் 2.7க்கான கடைசிப் பதிப்பு 1.11. கணக்கீட்டுக்கான நம்பையில் 1.16. மாட்யூல்களை நிறுவும் பிப், 21.0 வந்தபோது 2.7ஐக் கழற்றிவிட்டது. இவை ஒவ்வொன்றையும் பழைய பதிப்பிலேயே பிடித்து வைத்து, புதிய பதிப்போடு மோதாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

---

#4 புதுக்கணக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், லினக்ஸுக்குப் புதியவன். பல பைத்தான் பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வி, தனிப் பெட்டிபோல ஓடும் கண்டெய்னர் எல்லாம் இருக்கும்போது எந்தப் பதிப்பு வேண்டுமோ அதை அவரவர் போட்டுக்கொள்ளலாமே? சிஸ்டத்தில் இருக்கும் பைத்தானைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? இன்னொரு சந்தேகம்: பிப் வைத்து ஒன்றை நிறுவப் போனால் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று மறுக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

---

#5 தொகுப்பாளி

நேரடிச் சம்பந்தம் உண்டு.

சிஸ்டம் பைத்தான் உங்களுக்காக மட்டும் இருப்பதில்லை, சிஸ்டமே அதில்தான் ஓடுகிறது. ஃபயர்வாலை நிர்வகிக்கும் ஃபயர்வால்டி பைத்தானில் எழுதியது. ஃபெடோரா வினியோகத்தில் பேக்கேஜ் நிறுவும் டிஎன்எஃப் கூட, 41ல் டிஎன்எஃப்5க்கு மாறும்வரை, பைத்தான்தான். அங்கே ஒரு லைப்ரரியை பிப் மேலெழுதிவிட்டால் பேக்கேஜ் நிறுவும் கருவியே படுத்துவிடலாம். பிறகு சரிசெய்ய வேண்டிய கருவியும் அதுவேதான். அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் பெப் 668 வந்தது. டெபியன் என்ற வினியோகத்தின் 12லிருந்து நீங்கள் பார்க்கும் மறுப்பு அதனால்தான். வெர்ச்சுவல் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள், தொந்தரவு இருக்காது.

ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8ல் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார்கள். சிஸ்டம் கருவிகளுக்கு என்று 3.6ஐத் தனியாக ஓர் இடத்தில் வைத்துவிட்டு, பயனருக்கான பைத்தானை வேறாகக் கொடுத்தார்கள். அந்த 3.6க்கு மூலத் திட்டத்தின் ஆதரவு 2021 டிசம்பரிலேயே முடிந்தது. ரெட் ஹாட் 8க்கோ 2029 மே வரை ஆதரவு உண்டு. இடைப்பட்ட ஏழு ஆண்டுக்கும் மேலான பேட்ச் வேலை அவர்கள் தலையில். பழைய பதிப்பு ஒன்று "நிலையாக" இருப்பதற்குப் பின்னால் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை இருக்கிறது. இதைப் பழையசர்வர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

#6 ஆய்வேடு

நான் ஆராய்ச்சித் துறையில் இருக்கிறேன். என் கவலை வேறு மாதிரி. பழைய கட்டுரை ஒன்றின் முடிவைச் சரிபார்க்க வேண்டுமானால் அதே நிரலை அதே பதிப்பில் ஓட்ட வேண்டும். 3க்கு மாற்றி ஓட்டினால் வேறு விடை வரலாம், அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வகுத்தல். 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2ல் 3, பைத்தான் 3ல் 3.5. இதையாவது தேடிப் பிடித்துவிடலாம். அதிகம் பேர் கவனிக்காதது ரவுண்ட் ஃபங்ஷன். 2.5ஐ ரவுண்ட் செய்தால் பைத்தான் 2 தருவது 3.0. பைத்தான் 3 தருவது 2. நடுவில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது என்று விதியை மாற்றிவிட்டார்கள். புள்ளியியல் நோக்கில் புதிய விதிதான் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வயதுக் குழுக்களை ரவுண்ட் செய்து பிரித்த பழைய அட்டவணை ஒன்றை மீண்டும் உருவாக்கப் பார்க்கும்போது, சில பேர் பக்கத்துக் குழுவுக்குப் போய்விடுவார்கள். அட்டவணை பார்க்க நன்றாகவே இருக்கும். எண்கள் மட்டும் பொருந்தாது.

அதேபோல எண்ணையும் எழுத்துச் சரத்தையும் ஒப்பிடுவது. பைத்தான் 2 வாயைத் திறக்காமல் ஏதோ ஒரு வரிசையில் அடுக்கிவிடும். பைத்தான் 3 டைப் பிழை என்று நிறுத்திவிடும். நிறுத்துவதுதான் நல்லது. ஆனாலும் பழைய நிரல் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பழைய இன்டர்பிரட்டர் வேண்டும்.

---

#7 லிங்க்கர்

ஆய்வேடு சொல்வது முழுக்க நியாயம். ஆனால் உங்களுக்கு வேண்டியது புதிய வெளியீட்டில் ஒரு 2.7 அல்ல. நாங்கள் புதிய கம்பைலரில், புதிய கணித லைப்ரரியோடு பில்ட் செய்து தரும் 2.7, உங்கள் கட்டுரை எழுதப்பட்டபோது ஓடிய 2.7 ஆகாது. உங்களுக்கு வேண்டியது அன்றைய சூழல் மொத்தமும்.

அதற்கு வழி இருக்கிறது. டெபியனின் ஸ்நாப்ஷாட் காப்பகத்தில் ஒரு தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு ரெப்போவில் என்ன இருந்ததோ அதையே எடுக்கலாம். குயிக்ஸ் வினியோகத்தில் டைம் மெஷின் என்றே ஒரு கட்டளை இருக்கிறது, பழைய கமிட்டுக்கு (பதிவான பழைய நிலைக்கு) போய் அங்கிருந்தே சூழலை உருவாக்கும். மூல நிரல் மட்டும் போதும் என்றால் 2016ல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமான இன்ரியா தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் காப்பகம் இருக்கிறது. நம் வினியோகத்திலும் பழைய வெளியீடுகளின் ரெப்போக்களை அழிப்பதில்லை, காப்பகத்துக்கு நகர்த்துகிறோம். அடுத்த வெளியீட்டில் சேர்க்காமல் விடுவதால் பழையது எங்கும் போய்விடாது.

அந்தக் காப்பகச் சூழலை ஒரு கண்டெய்னருக்குள் நெட்வொர்க் இல்லாமல் ஓட்டுங்கள். ஆய்வுக்கு அது போதும்.

---

#8 பைட்கோடு

ஜாவா பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டது சரியில்லை. பைத்தான் 2.7உம் பிஎச்பி 7.4உம் முடிந்துபோனவை. ஜேடிகே 8 அப்படியல்ல. ஓபன்ஜேடிகேயின் 8 புதுப்பிப்புத் திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. வயதை வைத்து முடிவு செய்தால் 8ஐ எடுக்க வேண்டும். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்தால் விட்டுவைக்கலாம். இரண்டாவதுதான் சரியான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. 2019ல் வந்து 2022ல் முடிந்த பிஎச்பி 7.4, 2014ல் வந்த ஜேடிகே 8ஐவிட இளையது. ஆனால் அதுதான் ஆபத்தானது.

8ஐப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் சோம்பேறிகளும் அல்ல. 9ல் மாட்யூல் அமைப்பு வந்தது. 11ல் ஜாக்ஸ்பி, கோர்பா போன்ற பழைய பகுதிகள் எல்லாம் ஜேடிகேயிலிருந்தே வெளியேறின. 17ல் உள்கட்டமைப்பு வகுப்புகளைத் தொட முடியாதபடி அடைத்துவிட்டார்கள். பெரிய நிரல் ஒன்றை 8லிருந்து 17க்குக் கொண்டுபோவது என்றால், நீங்கள் எழுதாத லைப்ரரிகள் உள்ளே என்னவெல்லாம் செய்துவைத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும்.

மற்ற வினியோகங்கள் எடுத்த முடிவையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். டெபியன் 10லேயே ஜேடிகே 11 மட்டும் போதும் என்று விட்டார்கள். ஃபெடோரா 42ல் 8, 11, 17 மூன்றையும் எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் டெமுரின் என்ற வெளி ஜாவா பில்டின் ரெப்போவிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வழிகாட்டினார்கள். ஆக, எடுப்பதே தவறு என்று நான் வாதாடவில்லை. 2.7ஐ எடுப்பதற்குச் சொன்ன காரணம் 8க்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

---

#9 விதைநிரல்

ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. பழைய பதிப்புகள் சில பயனருக்காக இல்லாமல் நமக்காகவே தேவைப்படுகின்றன.

ஜேடிகே ஒவ்வொன்றையும் பில்ட் செய்ய அதற்கு முந்தைய ஜேடிகே வேண்டும். ரஸ்ட் மொழியும் அப்படித்தான், முந்தைய பதிப்பால்தான் அடுத்ததைக் கட்ட முடியும். ஆறு வாரத்துக்கு ஒன்று வருவதால் நடுவில் தாண்டிக் குதிக்க முடியாது. கோ மொழியை 1.5ல் கோவிலேயே எழுதிவிட்டார்கள். சி கம்பைலர் மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் 1.4க்குத்தான் போக வேண்டும். பைத்தானுக்கான இன்னொரு இன்டர்பிரட்டரான பைபை இன்னும் விசித்திரம். அது தரும் மொழி பைத்தான் 3 ஆனாலும், அதைக் கட்டும் ஆர்பைத்தான் கருவிகள் பைத்தான் 2ல் எழுதியவை. 2.7ஐ முற்றாக எடுத்தால் பைபையை நாம் எப்படி பில்ட் செய்வது? பழைய பைபை 2.7ஐ வைத்தே புதியதைக் கட்டலாம், ஆனால் அந்த முதல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

டெபியன் 11ல் இந்தச் சிக்கலை நேராகச் சொல்லிவிட்டார்கள். பைத்தான் 2.7 உள்ளே இருக்கும், சில பேக்கேஜ்களை பில்ட் செய்ய மட்டும், பாதுகாப்புத் திருத்தம் வராது, நிரல் ஓட்டப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே இருந்தது. 2023 ஜூனில் 12 வந்தபோது அதுவும் போய்விட்டது. ஃபெடோராவில் 32லேயே பெரும்பகுதியை எடுத்துவிட்டாலும், படம் திருத்தும் கிம்ப் 2.10இன் பைத்தான் செருகுநிரல்கள் 2.7ஐ நம்பியிருந்ததால் கடைசித் துண்டு 41 வரை இழுத்தது. ஒரு பெரிய நிரல் மாறாவிட்டால் மொத்த வினியோகமும் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

என் யோசனை: பில்ட் சர்வரில் மட்டும் தெரியும் ஒரு தனிப் பிரிவு. பயனரின் தேடலில் வராது, நிறுவவும் முடியாது.

---

#10 பழையசர்வர்

எல்லாவற்றையும் படித்தேன். லிங்க்கர் சொன்ன கான்ஃபிகர் விஷயம் எனக்குப் புதிது. பாதி உடைந்த இன்டர்பிரட்டரில் கிடங்குக் கணக்கை ஓட்டுவதை நானே விரும்ப மாட்டேன். சரி, 2.7 போகட்டும்.

ஆனால் எப்படிப் போகிறது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிட்டோம் என்பார்கள். நிர்வாகிகள் அதைப் படிப்பது அப்கிரேட் முடிந்து ஏதோ ஒன்று ஓடாமல் போன பிறகு. எச்சரிக்கை எனக்கு வர வேண்டியது இப்போது நான் ஓட்டிக்கொண்டிருக்கும் வெளியீட்டில். அடுத்ததில் வந்து பயனில்லை.

இரண்டாவது, அப்கிரேட் செய்யும்போது என்ன நடக்கும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். டெபியன் வழியில் பழைய பேக்கேஜ் மெஷினிலேயே தங்கிவிடும், ரெப்போவில் இல்லாதது என்று, நாம் கேட்டால், நிறுவும் கருவியான ஆப்ட் காட்டும், கேட்காவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். ஃபெடோராவில் இதற்கென்றே ஒரு பேக்கேஜ் வைத்து, பழையவற்றில் அப்கிரேடுக்கு இடைஞ்சலாக இருப்பவற்றைக் கழற்றிவிடுவார்கள். முதலாவதில் நிரல் ஓடும், ஆனால் திருத்தமே வராத ஒன்று சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டாவதில் காலையில் வந்து பார்த்தால் நிரல் ஓடாது. நாம் எந்தப் பக்கம்?

---

#11 பெயர்ப்பு

பழையசர்வருக்கு ஒரு வார்த்தை. மாற்றும் வேலை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயங்கரம் இல்லை, இடம் தெரிந்து கைவைத்தால். பிரிண்ட், ரா இன்புட் போன்றவை சத்தம் போட்டு உடையும், 2டு3 கருவியே பெரும்பாலும் திருத்திவிடும். பைத்தான் 2ஐயே "-3" என்ற தெரிவோடு ஓட்டினால் எங்கெல்லாம் பிரச்சினை வரும் என்று எச்சரிக்கும். நேரம் போவது எழுத்துச் சரங்களில்தான்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். யூடிஎஃப்-8 கோப்பில் "தமிழ்" என்று சாதாரண சரமாக எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 சொல்வது 15. அது எண்ணுவது பைட்களை. பைத்தான் 3 சொல்வது 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அட்டவணையில் பெயரைப் பத்து இடத்துக்கு வெட்டும் பழைய நிரல், நாலாவது குறியின் நடுவில் வெட்டியிருக்கும். திரையில் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும். அதைச் சமாளிக்க யாரோ மூன்றால் பெருக்கி ஒரு ஒட்டு வேலை செய்திருப்பார்கள். 3க்கு வந்த பிறகு அந்தப் பெருக்கல்தான் புதிய பக். இப்படி ஒட்டுப்போட்ட இடங்களை முதலில் தேடுங்கள்.

நிரல் எழுதும்முன் ஒரு மாத உண்மையான உள்ளீட்டை எடுத்து, பழைய நிரலில் ஓட்டி, வெளியீட்டைச் சேமித்து வையுங்கள். டெஸ்ட் இல்லாத குறையை அது பெருமளவு தீர்க்கும். ஆய்வேடு சொன்ன வகுத்தல், ரவுண்ட் சிக்கல்கள் எல்லாம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

பிஎச்பிக்காரர்களும் கவனிக்க: 7ல் 0 == "கிடங்கு" என்பது உண்மை, 8ல் பொய். எண்ணாக மாறாத சரத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டு எழுதிய நிபந்தனைகள் சத்தமில்லாமல் திசை மாறும். ஈச், கிரியேட் ஃபங்ஷன் போன்றவை நீங்கியதெல்லாம் உடனே தெரிந்துவிடும், அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

---

#12 புதுக்கணக்கு

3க்கு ஒருமுறை வந்துவிட்டால் பிறகு இந்தத் தலைவலி இல்லைதானே?

---

#13 பெயர்ப்பு

2லிருந்து 3க்கு வந்தது போன்ற பெரிய உடைப்பு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆயுள். 3.12ல் பேக்கேஜ் கட்டப் பயன்பட்ட டிஸ்டியூடில்ஸ் போனது, பழைய செட்டப் கோப்புகள் பல விழுந்தன. 3.13ல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் போன்ற பழைய மாட்யூல்கள் போயின. டெபியன் 12லிருந்து 13க்குப் போகிறவர் 3.11லிருந்து நேராக 3.13க்குத் தாவுவார், இரண்டு அடியும் ஒன்றாக விழும். வருவதற்கு முன் டெப்ரிகேஷன் (இது நீங்கப்போகிறது என்ற) எச்சரிக்கைகளைப் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

---

#14 தொகுப்பாளி

எல்லோருக்கும் நன்றி. முன்மொழிவை மாற்றுகிறேன்.

பைத்தான் 2.7, பிஎச்பி 7.4 இரண்டும் அடுத்த வெளியீட்டில் இருக்காது. 7.4 போவதால் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1உம் கூடவே போகும். வேறு எந்த பேக்கேஜும் அதைக் கேட்கவில்லை என்று லிங்க்கர் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பைபைக்காக விதைநிரல் கேட்ட தனிப் பிரிவு பில்ட் சர்வரில் இருக்கும். பயனருக்கு அது தெரியவே தெரியாது.

ஜேடிகே 8 விஷயத்தில் பைட்கோடு சொன்னதை ஏற்கிறேன். மூலத் திட்டம் திருத்தம் வெளியிடும்வரை இருக்கட்டும். ஆனால் இரண்டு பேர் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் திருத்தத்தைச் சேர்க்கத் தவறினால் அடுத்த முறை நானே எடுத்துவிடுவேன். முன்னிருப்பு ஜேடிகே 21தான்.

பழையசர்வர் கேட்டதற்கு: எச்சரிக்கை இப்போதைய வெளியீட்டிலேயே போகும். 2.7க்கும் 7.4க்கும் கடைசியாக ஒரு புதுப்பிப்பு விடுகிறோம். நிரலில் எதையும் தொடாது. நிறுவும்போது "இது அடுத்த வெளியீட்டில் இல்லை, இந்த மெஷினில் இதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் இவை" என்று பட்டியலோடு காட்டும், நிர்வாகிக்கு மின்னஞ்சலும் அனுப்பும். அப்கிரேட் கருவி, 2.7 இருப்பதைக் கண்டால் தொடங்கும்முன் நின்று கேட்கும். வைத்துக்கொள்ளவும் கழற்றவும் வழி தரும். பதில் வராமல் நகராது.

---

#15 பைட்கோடு

ஜேடிகே 8க்கு நான் பெயர் கொடுக்கிறேன். இன்னொருவர் வேண்டும்.

---

#16 ரூட்

கடைசிப் பகுதியை நான் ஏற்கவில்லை. நின்று கேட்கிறது என்றால் ஆளில்லாமல் இரவில் அப்கிரேட் ஆகும் மெஷின்கள் பாதியில் தொங்கும். நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பதிலை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைக்க வழி வேண்டும். அதுவும் இல்லை என்றால், எதையும் தொடாமல் தோல்வி என்று வெளியேற வேண்டும்.

---

#17 தொகுப்பாளி

சரியான கேள்வி. பதில் கோப்பு வைக்கலாம். கோப்பும் இல்லை, ஆளும் இல்லை என்றால் எதையும் மாற்றாமல் பிழைக் குறியோடு வெளியேறும்.

---

#18 பழையசர்வர்

அந்த அப்கிரேட் சோதனையை நான் செய்கிறேன். கிடங்கு மெஷினின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் 2.7உம் டேட்டாபேஸ் டிரைவரும் உண்டு. பதில் கோப்போடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து முழுப் பதிவையும் இங்கேயே போடுகிறேன். சோதனைப் பதிப்பு எந்த ரெப்போவில் கிடைக்கும்?

---

#19 லிங்க்கர்

சோதனைக் கிளையில், இன்றிரவு பில்ட் முடிந்ததும். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1ஐ இன்னும் கேட்கும் பேக்கேஜ்களின் பட்டியலையும் எடுத்துவிட்டேன். பிஎச்பி 7.4ஐ விட்டால் பழைய மின்னஞ்சல் வடிகட்டி ஒன்று மட்டும் மிச்சம், அதன் பராமரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.